உள்ளே போவோம்

— அந்தக் கதவைத் தாண்டி உள்ள போனீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

— போனேன் மெலிட்டா.

— ஐயையோ! பக்கத்து வீட்டு பிட்டோ வந்து சொன்னப்ப, உனக்கு வேற வேலையில்லையாடின்னு அவளை விரட்டி விட்டேனே. நீங்களா? டயோனைசஸ் சாமி விழாவுல, ஏதென்ஸ் ஊரே மலைச்சரிவுல உக்காந்து பாத்துட்டு இருக்கும்போது, பாட்டுக்குழுவுல நிக்க வேண்டிய ஆளு, நாடகத்து ராஜா வீட்டுக் கதவைத் தள்ளிட்டு உள்ள போனீங்களா?

— கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. தலை இடிக்குது.

— இடிக்கட்டும்! காலையில பார்லி அடையும் அத்திப்பழமும் தின்னுட்டு, தலையில கொடி சுத்திக்கிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி போனாரு மனுஷன். மத்தியானம் பலகையில கிடத்தித் தூக்கிட்டு வர்றாங்க. தூக்கிட்டு வந்தவங்க, "அடுத்த நாடகத்துக்கு நேரமாச்சு தங்கச்சி, உயிரு இருக்கு, பயப்படாத"ன்னு சொல்லிட்டு ஓடியே போயிட்டாங்க. மூச்சு இருக்கான்னு மூக்குகிட்ட கையை வெச்சுப் பாத்தேன். எனக்கு நம்பிக்கையே வரல. சாவு வீட்டுக்கு வைக்கிற தண்ணிக்குடத்தை வாசல்ல வைக்கிறதா வேணாமான்னு குடத்தோட நின்னேன் தெரியுமா?

— தெய்வமே. அழாத மெலிட்டா. நான்தான் முழிச்சிட்டேனே.

— முழிச்சதும் என்ன கேட்டீங்க? "மகன் சாப்பிட்டானா"ன்னா? "நீ ஏன் அழறே"ன்னா? இல்ல. "ஸிட்டாஸ் பொழைச்சானா"ன்னு கேட்டீங்க. யாருங்க அந்த ஸிட்டாஸ்? நம்ம சொந்தத்துல அப்படி ஒரு பேரே கிடையாதே.

— அரங்கத்து அடிமை. திரேஸ் நாட்டுக்காரன். சக்கர மேடை தள்ற ஆளு.

— அடிமையா?

— ஆமா.

— ஒரு அடிமைக்காகவா சாமி விழாவைக் கெடுத்தீங்க? குடிச்சிருந்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க.

— நாக்கு நனையற அளவுக்கு. அது எல்லாருந்தான்.

— எனக்கு ஒண்ணும் புரியல. குளிர்காலம் பூரா இந்த வீட்டுல எண்ணெய் ஜாடியைத் தொடைக்கிறதும், "உள்ளே போவோம், கதவை உடைப்போம்"னு கத்துறதுமா இருந்தீங்க. ஆட்டுக்குட்டி வரைக்கும் பயந்து கட்டுக் கயித்தை அத்துட்டு ஓடுச்சு. அப்பல்லாம் நான் கேட்டேன்ல, சரி, கத்திட்டு உள்ள போவீங்களான்னு? "சேச்சே, பாட்டுக்குழு எங்கயாவது உள்ள போகுமா"ன்னு சிரிச்சீங்க.

— அதான் மெலிட்டா வழக்கம். உள்ள தம்பிக்காரன் அண்ணனை வெட்டுறான். அண்ணன் அலறுறான். வெளிய நாங்க பதினஞ்சு பேரும் ஊர்க் கிழவங்க. ஆளுக்கு ஒரு வரி. ஒருத்தன், "ஊரைக் கூட்டுவோம்"ங்கறான். ஒருத்தன், "நமக்கெதுக்கு வம்பு"ங்கறான். நான், "உள்ளே போவோம், கதவை உடைப்போம்"ங்கறேன். உடனே தலைவர் தேரோன், "பொறுங்கள், நிச்சயம் தெரியட்டும்"னு சொல்லுவாரு. அவ்வளவுதான், எல்லாரும் நின்னுருவோம். கதவு திறக்கும். அண்ணன் பிணம் சக்கர மேடையில உருண்டு வெளிய வரும். நாங்க மாரடிச்சு அழுவோம்.

— நல்லா இருக்கே! அழறதுக்குப் பதினஞ்சு பேரு, தடுக்கறதுக்கு ஒருத்தனும் இல்ல.

— தடுக்கக் கூடாதும்மா. கதவுக்கு உள்ள நடிகருங்க. கதவுக்கு வெளிய, வட்டத்துல நாங்க. பாத்துக்க, எங்கப்பா காலத்துலயும் அப்படித்தான், அவங்கப்பா காலத்துலயும் அப்படித்தான். சாமி போட்ட கோடு மாதிரி அது.

— அப்படிப்பட்ட கோட்டைத்தான் தாண்டிட்டு வந்து படுத்திருக்கீங்க.

— மூணாவதா ஒரு சத்தம் கேட்டுச்சு மெலிட்டா.

— என்ன சத்தம்?

— அண்ணன்காரன் ரெண்டு தடவைதான் அலறணும். பாட்டாவே அலறுவான், தாளம் தப்பாது. முதல் அலறல் வந்துச்சு. ரெண்டாவதும் வந்துச்சு. நாங்க வரி சொல்ல ஆரம்பிச்சோம். நடுவுல இன்னொரு அலறல். தாளத்துல இல்ல. நம்ம பாஷையிலயே இல்ல. ஜனங்க அதையும் நாடகம்னு நினைச்சு வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்தாங்க. எனக்கு மட்டும் அது நாடகம் இல்லன்னு தெரிஞ்சுது.

— யாரு குரல்னு தெரிஞ்சுதா?

— தெரியாம இருக்குமா? ஒத்திகை பூரா அந்தக் குரலைக் கேட்டிருக்கேன். "தண்ணீ வேணுமா?" அப்படின்னு இழுத்து இழுத்துக் கேப்பான். நடிகருக்கெல்லாம் தேன் கலந்த தண்ணி வரும். முன்வரிசைக்காரங்களுக்கு, நம்ம குழுவுக்குச் செலவு பண்ற எவாண்ட்ரோஸ் ஐயா வீட்டு ஆளு கொண்டுவந்து குடுப்பான். நான் நடு வரிசை. நல்லாப் பாடுறவனை ஜனங்களுக்குத் தெரியிற மாதிரி முன்வரிசையில நிறுத்துவாங்க, சுமாராப் பாடுறவனை நடுவுல மறைப்பாங்க. நடு வரிசைக்குத் தண்ணி கொண்டுவர யாரும் இல்ல. இவன்தான் மேடைக்கு அடியிலேர்ந்து ஊர்ந்து வந்து, தன் சுரைக்குடுக்கையை நீட்டுவான். யாரும் சொல்லி இல்ல. அவனா.

— இதை எங்கிட்ட சொல்லவே இல்லியே.

— என்னத்தச் சொல்ல? தண்ணி குடிச்சேன்னா?

— அப்புறம்?

— அப்புறம் என் முறை வந்துச்சு. "உள்ளே போவோம், கதவை உடைப்போம்"னு சொன்னேன். சொல்லி முடிச்சா, காலு தானா உள்ள போயிடுச்சு.

— காலு போயிடுச்சாம்!

— சத்தியமா மெலிட்டா. இத்தனை மாசமா அந்த வரியைச் சொல்லிச் சொல்லி நின்னுருக்கேன். இன்னைக்கு நிக்க முடியல. முகமூடிக்குள்ள முன்னாடி மட்டும்தான் தெரியும். பக்கத்துல எவன் நிக்கிறான், பின்னாடி என்ன நடக்குது, ஒண்ணும் தெரியாது. கதவு மட்டும் எனக்கு நேரா இருந்துச்சு. ஒத்தையாப் போனேன்.

— உங்க மகன் இப்ப எங்க இருக்கான் தெரியுமா? கொல்லையில உக்காந்திருக்கான். வர்ற வருஷம் ஊர்ச் சபையில அவனைக் குடிமகனா நிறுத்தணும். விழா முடிஞ்ச மறுநாள் அதே அரங்குல சபை கூடும்ல? விழாவைக் கெடுத்தவங்க மேல புகார் சொல்லுன்னு கூப்பிடுவாங்கல்ல? உங்க குடியுரிமையைப் பறிச்சுட்டாங்கன்னா? கோயிலுக்குள்ள போக முடியாது. சந்தையில எண்ணெய் விக்க முடியாது. அப்புறம் எவன் நம்ம பையனை ஏத்துப்பான்?

— கோயிலுக்குள்ள போக முடியாதுன்னு சொல்லாத. அதை மட்டும் சொல்லாத.

— நான் சொல்லாட்டி யாரும் சொல்லமாட்டாங்களா? இருங்க, கதவு தட்டுறாங்க. ஐயோ, ஆள் அனுப்பிட்டாங்களா அதுக்குள்ள? யாரது?

— தேரோன். குயவன் தேரோன். கதவைத் திறம்மா.

— தலைவரா! வாங்கண்ணே. என்னங்க, தலைவர் வந்திருக்காரு. எழுந்திரிக்காதீங்க, எழுந்திரிக்காதீங்க!

— படுடா தல்லோஸ். மண்டை உடைஞ்சவன்லாம் மரியாதை காட்ட வேணாம். தங்கச்சி, கொஞ்சம் தண்ணி குடு. மூணு நாடகம், அதுக்கு மேல ஒரு கூத்து. தொண்டையில பொட்டுத் தண்ணி இல்ல.

— இந்தாங்கண்ணே. ஐயோ, உள்ளங்கை என்ன இப்படிக் கிழிஞ்சு கிடக்கு?

— மரச்சிராய். விடும்மா.

— என்னத்த விடறது? சக்கரம் சுத்துற கை. இந்தக் கையை வெச்சுக்கிட்டு நாளைக்கு எப்படிப் பானை வனைவீங்க? நீட்டுங்க. நல்ல எண்ணெயில கம்பளி நனைச்சுக் கட்டுறேன்.

— கட்டிட்டுத்தான் விடுவா போலிருக்கு. ஆ! மெதுவாம்மா. என்ன தல்லோஸ், தலை எப்படி இருக்கு?

— தேரோண்ணே, முதல்ல ஒண்ணு சொல்லுங்க. ஸிட்டாஸ்?

— இருக்கான். விலா எலும்பு ரெண்டு மூணு போச்சு. மூச்சு விட்டா வலிக்குதாம். வைத்தியர் இறுக்கிக் கட்டியிருக்காரு, பொழைச்சிருவான்ங்கறாரு. கண்ணைத் திறந்தான். சுத்தி நின்ன எங்களைப் பாத்தான். பாத்துட்டு என்ன கேட்டான் தெரியுமா? "தண்ணீ வேணுமா?"

— தெய்வமே. தெய்வமே.

— என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி அழறீங்க? அண்ணே, அந்த ஆளுக்கு என்னதான் ஆச்சு? இவரு பாதிதான் சொன்னாரு.

— சக்கர மேடை சிக்கிக்கிச்சு தங்கச்சி. கல்லு ஏதோ மாட்டியிருக்கு. எடுத்து விடலாம்னு இந்த ஸிட்டாஸ் அடியில புகுந்திருக்கான். அச்சு முறிஞ்சு மொத்த மேடையும் அவன் நெஞ்சு மேல உக்காந்திருச்சு. பின்னாடி தள்றவனுங்களுக்கு இது தெரியாது. சிக்கியிருக்குன்னு நினைச்சு, பாட்டு முடியிறதுக்குள்ள வெளிய போயாகணுமேன்னு இன்னும் பலமாத் தள்றானுங்க.

— அந்த அண்ணன் வேஷக்காரரு? அவரு மேல படுத்திருப்பாரே? அவருக்குத் தெரியாதா?

— அதைக் கேளு! தெரியும். அடியில அவன் துடிக்கிறது முதுகுல உதைக்குதாம். ஆனா இவன் பிணமில்ல? பிணம் எந்திரிக்கக் கூடாதுன்னு கண்ணை மூடிப் படுத்தே கிடந்திருக்கான். கேட்டா, "என் தொழில் அதுதானே தலைவரே"ங்கறான். அட நாசமாப் போக. ஆள் ஆளுக்கு அவனவன் வேலையைச் சரியாப் பாத்தானுங்க. அதுல ஒருத்தன் உயிரு போகப் பாத்துச்சு.

— ஐயோ அண்ணே. நான் இவரைத் திட்டிட்டேன். ஒரு அடிமைக்காகவான்னு வாய் கூசாம கேட்டுட்டேன்.

— ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் கேக்குறான். அதுக்குத்தான் வந்தேன். கேளுடா தல்லோஸ். எதிர்க் குழுவுக்குச் செலவு பண்ற பெலாகோன் இருக்கான்ல, அவன் கிளம்பிட்டான். சாயங்காலமே நாலு பேரைக் கூட்டிக்கிட்டு அதிகாரிகிட்ட போய் நின்னுட்டான். பாட்டுக்குழு தன் இடத்தை விட்டுச்சு, சாமி விழாவைக் கெடுத்துச்சுன்னு சபையில புகார் சொல்லப் போறான்.

— பாட்டுக்குழு மேலயா? அது எப்படிண்ணே? கெடுத்தவன் நானு.

— குழுன்னா தலைவன். தலைவன் காலு அசையாம குழுவுல எவன் காலும் அசையக் கூடாது. அதனால என் பேரைச் சொல்லித்தான் புகார்.

— ஐயோ, வேணாண்ணே! அது அநியாயம். மெலிட்டா, என்னைத் தூக்கி உக்கார வை. தேரோண்ணே, இன்னைக்கே என்னை அதிகாரிகிட்ட கூட்டிட்டுப் போங்க. என் மேல மட்டும் புகாரைப் போடச் சொல்றேன்.

— படுடா. எப்படிடா உன் மேல மட்டும் போட முடியும்? ஊரே பாத்துச்சு.

— பாத்துச்சுல்ல? அப்ப நான் சொல்றது பொய்யில்லன்னு எல்லாருக்கும் தெரியும். நான்தான் வரிசையை உடைச்சேன். நீங்கல்லாம் உங்க இடத்துல சரியா நின்னீங்க. உங்களுக்கு எதுக்குண்ணே தண்டனை?

— என்னது?

— என்னங்க, கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. நம்ம பையன்...

— பையனுக்கு என்னைவிட நல்ல அப்பன் வேணும் மெலிட்டா. அடுத்தவன் பழியை வாங்க விட்டுட்டு நான் கோயில் வாசல்ல போய் நின்னா, சாமி மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. கோயிலுக்குள்ள விடாட்டியும் பரவாயில்ல. வெளிய நின்னு கும்பிட்டுக்கறேன்.

— சரி, போங்க. போய்ச் சொல்லுங்க. நானும் உங்ககூட வெளியவே நின்னு கும்பிடறேன். சந்தையில விக்க விடலன்னா, நான் நாடா பின்னி வித்துக்கறேன். அந்த சுரைக்குடுக்கைக்காரனுக்கு நாளைக்குக் கஞ்சி கொண்டுபோறேன். அவ்வளவுதானே? இதுக்கு மேல என்ன வரப்போகுது!

— இரும்மா, இரும்மா. ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. தல்லோஸ், என்னைப் பாரு. நான் என் இடத்துல நின்னேன்னு இப்ப சொன்னியே. அதை யாரு சொன்னா உனக்கு?

— யாரு சொல்லணும்? தலைவர் எங்க போவாரு?

— கதவைத் தாண்டினதுக்கப்புறம் உனக்கு என்னென்ன ஞாபகம் இருக்கு? ஒண்ணு விடாம சொல்லு.

— இருட்டு. வெயில்லேர்ந்து போனதால ஒண்ணும் தெரியல. காலு ரெண்டு மட்டும் மேடைக்கு வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. குனிஞ்சு அடியில புகுந்தேன். அவன் என் கழுத்தைப் புடிச்சிக்கிட்டான். முதுகை மரத்துல முட்டுக் குடுத்துத் தூக்கிப் பாத்தேன். அசையல.

— அப்புறம்?

— எனக்கு அவ்வளவு பலம் ஏதுண்ணே? எண்ணெய் ஜாடி தூக்குற உடம்பு. இன்னொரு தடவை முட்டினேன். அசையல. நானும் இவனோட சேந்து சாகப் போறேன்னு நினைச்சேன். "சாமி, உன் பாட்டைப் பாடுறவன் கேக்குறேன், கை குடு"ன்னு வேண்டிக்கிட்டேன்.

— காதுல என்ன கேட்டுச்சு?

— குழல் சத்தம் மட்டும். குழல்காரன் ஊதிட்டே இருந்தான். பாட்டு இல்ல. அது எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்துச்சு.

— உன் வரிக்கு அடுத்த வரி யாருது?

— உங்களுது. "பொறுங்கள், நிச்சயம் தெரியட்டும்."

— நான் அதைச் சொன்னதைக் கேட்டியா?

— இல்லண்ணே. நான் பண்ணின காரியத்துல உங்களுக்கு வாய் அடைச்சுப் போயிருக்கும்னு...

— ம். மேடை என்ன ஆச்சு?

— அதைத்தான் சொல்ல வர்றேன்! மெலிட்டா, நீயும் கேளு. வேண்டிக்கிட்ட உடனே மேடை எழும்புச்சு. நான் தூக்கல. என் முதுகுல பாரமே இல்ல, தானா எழும்புச்சு, இறகு மாதிரி. நான் ஸிட்டாஸை இழுத்து வெளிய தள்ளினேன். அப்ப தலை எதிலயோ மோதிடுச்சு. அதுக்கப்புறம் இங்கதான் முழிச்சேன்.

— ஐயோ, எனக்கு மயிர்க்கூச்செரியுது. நிஜமாவாங்க?

— சத்தியமா. அதனாலதாண்ணே எனக்குப் பயமே இல்ல. சாமியே வந்து கை வெச்சுட்டாருன்னா அது எப்படி சாமி குத்தமாகும்? சபையில என்னைக் கேட்டா அதைத்தான் சொல்லப் போறேன். நான் ஒத்தையா உள்ள போனேன், மத்தவங்க யாரும் அசையல, சாமி வந்து தூக்கினாருன்னு.

— தங்கச்சி, அந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்தி விடும்மா. இறுக்குது.

— இந்தாங்கண்ணே. என்னண்ணே, கண்ணு கலங்குது? ரொம்ப வலிக்குதா?

— வலி இல்லம்மா. இந்தப் பைத்தியக்காரனை என்ன சொல்றதுன்னு பாக்குறேன். இன்னைக்கு மத்த ரெண்டு நாடகமும் எப்படி ஆடினோம் தெரியுமாடா? நடு வரிசையில உன் இடத்தை அப்படியே காலியா விட்டு ஆடினோம். யாரும் பேசி வெச்சுக்கல. சுத்தி வரும்போது எல்லாரும் அந்த இடத்தை மிதிக்காம சுத்தி வந்தோம்.

— எனக்காகவா? நான் சுமாராப் பாடுறவன்ணே.

— ரொம்பச் சுமாரு. அதுல சந்தேகமே இல்ல.

— அப்ப சபையில நான் சொல்றேன்ல? சாமி தூக்கினாருன்னு?

— சொல்லிக்க, வேணாம்ங்கல. ஆனா ஒத்தையாப் போனேன்னு மட்டும் சொல்லாத தல்லோஸ். நீ கதவைத் தாண்டினதும் உன் பின்னாலயே ஓடி வந்து அந்த மேடைக்குக் கை குடுத்தோமே, எங்க பதினாலு பேரையும் நீ சாமின்னு சொன்ன மாதிரி ஆயிடும்.